பொருத்தலும் கழற்றலும்: கணினித் திருத்த வேலையிற் பென் டிரைவ் – ஒரு வரலாற்று நோக்கு

லினக்ஸ் வகையைச் சேர்ந்த பணிசெயல் முறைமையொன்று பழுதுற்று முழுமையாகத் தொடங்க இயலாது போகுமிடத்து, கணினியின் திரையில் வழக்கமான படவுருக்கள் எவையும் தோன்றுவதில்லை. கறுப்புத் திரையும் கட்டளையை எதிர்நோக்கும் ஒரு குறியுமே எஞ்சுகின்றன. திருத்த முனைபவர் வேண்டிய கோப்புகளை வேறொரு கணினியிலிருந்து பென் டிரைவ் ஒன்றிற் கொண்டுவந்து செருகுகின்றார். செருகியும் அது திறப்பதில்லை. அதற்கு முறைமை இட்டுள்ள பெயர் யாது என முதலில் தேடியறிந்து, வெறுமையான கோப்புறையொன்றை ஆக்கி, அக்கோப்புறையில் அதனைப் பொருத்துமாறு 'மவுண்ட்' என்னுங் கட்டளையால் அவரே பணித்தல் வேண்டும். நாள்தோறும் பென் டிரைவைக் கையாளுவோர் பலருக்கு இத்தகைய கட்டளையொன்று உண்டென்பது அன்றுதான் தெரியவருகின்றது. பென் டிரைவ் விற்பனைக்கு வந்தது 2000ஆம் ஆண்டில். கட்டளையோ 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதியிடப்பட்ட யுனிக்ஸ் கைந்நூலின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றுள்ளது. சாதனத்திலும் பார்க்கக் கட்டளை 29 ஆண்டுகள் மூத்தது.

அந்நியமான சேமிப்புப் பொருளொன்றைத் தன்னுடைய பகுதியாகக் கொள்ளுமாறு கணினியைப் பணிக்கும் உரிமை யாருக்குரியது என்ற வினா இக்கட்டளையினுள் தொடக்கத்திலிருந்தே அடங்கிக் கிடக்கின்றது. கணினி செவ்வனே இயங்கும் நாட்களில் அவ்வினா கண்ணிற் படுவதில்லை. திருத்த வேலையின்போதே அது மறைப்பின்றி வெளிப்படுகின்றது. ஆதலின் இக்கட்டளையின் வரலாற்றை அவ்வினாவின் வரலாறாகவும் நோக்குதல் பொருத்தமுடையது.

சொல் பற்றி ஒன்று கூறல் வேண்டும். மவுண்ட் என்பதற்கு 'ஏற்றுதல்' என்ற சொல்லும் தமிழிற் கையாளப்படுகின்றது. ஆனால் செய்நிரலொன்றை நினைவகத்திற்குக் கொணர்வதையும் 'ஏற்றுதல்' என்றே வழங்குவதால் இரண்டும் மயங்க இடமுண்டு. சக்கரத்தை அச்சிற் பொருத்துவது போன்ற ஒரு கைவினையே இச்சொல்லின் தோற்றுவாய் என்பதும் கருதற்பாலது. எனவே 'பொருத்துதல்', 'கழற்றுதல்' என்னுஞ் சொற்களே இக்கட்டுரையில் ஆளப்படுகின்றன.

அக்கைவினை கணினியின் முதற் காலத்தில் உவமையன்று; நேரடியான உடலுழைப்பாகும். 1950களிற் பெருங்கணினிகளின் தரவுகள் காந்த நாடாச் சுருள்களில் இருந்தன. சுருளை அலமாரியிலிருந்து எடுத்துவந்து அச்சிலே பொருத்துவது இயக்குநரின் வேலை. 1962ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ் செய்த 1311 என்னும் சாதனத்தோடு கழற்றிச் செல்லத்தக்க வட்டுப்பொதியும் வந்துசேர்ந்தது. ஏறத்தாழ 10 இறாத்தல் எடையுள்ள அப்பொதி 20 இலட்சம் எழுத்துக்களைக் கொள்ளும். 1964ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட சிஸ்டம் 360 கணினிகளின் பணிசெயல் முறைமையில், செய்நிரலை எழுதியவர் தமக்கு வேண்டிய சுருளின் தொடரிலக்கத்தை அட்டையிலே துளையிட்டுக் கொடுப்பார். ஆறு எழுத்துக்களுக்கு மேற்படாத அவ்விலக்கத்தைக் கணினி இயக்குநரின் முனையத்தில் அச்சிட்டு, இன்ன சாதனத்தில் இன்ன சுருளைப் பொருத்துக எனக் கேட்கும். அவர் பொருத்திய பின்னர் சுருளின் தொடக்கத்திலுள்ள முகப்புக் குறிப்பைத் தானே வாசித்து, கேட்டது அதுதானா எனச் சரிபார்க்கும்.

இங்கு கட்டளையிடுவது இயந்திரம், கீழ்ப்படிவது மனிதன் என்பது அவதானிக்கத்தக்கது. செய்நிரலை எழுதுபவர் இயந்திர மண்டபத்தினுள் நுழைவதில்லை. நுழைந்து சுருள்களைத் தொடும் இயக்குநருக்கோ அவற்றில் எழுதப்பட்டிருப்பதைப் பற்றிய அக்கறை வேண்டியதில்லை. இவ்வுழைப்புப் பிரிவினையே அக்காலத்தின் பாதுகாப்பு அரணாகவும் விளங்கியது. அந்நியமான சுருளொன்று கணினியைச் சென்றடைவதற்கு அலமாரி, பதிவேடு, இயக்குநர் எனப் பல வாயில்களைக் கடக்க வேண்டியிருந்தது.

இவ்வமைப்பிலிருந்து விலகிய ஒரு போக்கு பெல் ஆய்வுகூடத்தில் உருப்பெற்றது. மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஆகியவற்றோடு இணைந்து மல்ட்டிக்ஸ் என்னும் பெரும் முறைமையை ஆக்குவதில் ஈடுபட்டிருந்த பெல் ஆய்வுகூடம் 1969ஆம் ஆண்டில் அம்முயற்சியிலிருந்து விலகிக்கொண்டது. அதன் பின் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் பி.டி.பி.-7 என்னும் சிறிய கணினியொன்றில் தொடக்கிய முறைமையே யுனிக்ஸ் ஆகும். கோப்புகள் யாவும் வேரொன்றிலிருந்து கிளைக்கும் மரமாக அமைதல் வேண்டும் என்ற கருத்தை மல்ட்டிக்ஸ் ஏற்கெனவே வளர்த்திருந்தது. யுனிக்ஸின் புதுமை வேறோரிடத்தில் உள்ளது. தனித்தனி வட்டுக்களிலே தனித்தனி மரங்கள் இருக்கலாம். ஒரு மரத்தின் இலையொன்று இருந்த இடத்தில் மற்றொரு மரத்தை முழுமையாக ஒட்டவைக்கலாம். ஒட்டிய பின் கோப்பொன்று எந்த வட்டிலுள்ளது என்பதை அதன் பெயரைக்கொண்டு எவரும் அறிய வேண்டியதில்லை. தோட்டக்காரர் செய்யும் ஒட்டுக்கன்று வேலைக்கு இது நிகரானது எனலாம்.

தொம்சனும் றிச்சியும் 1974ஆம் ஆண்டு யூலை மாதம் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை அவர்களுடைய நிலையத்தின் அமைப்பையும் விவரிக்கின்றது. முறைமையின் வேர், நிலையான தலைகளைக் கொண்ட சிறிய வட்டொன்றிலிருந்தது. பயனர்களின் கோப்புகள் அடங்கிய 40 மெகாபைற் பெருவட்டை, தொடக்க வேளையில் முறைமை தானே பொருத்திக்கொள்ளும். இவற்றைவிட ஒவ்வொன்றும் 2.5 மெகாபைற் கொள்ளளவுள்ள நான்கு சிறு வட்டுச் சாதனங்கள் இருந்தன. பயனர்கள் தத்தம் வட்டுப்பொதிகளைக் கொண்டுவந்து பொருத்துவதற்கென்றே அவை ஒதுக்கப்பட்டிருந்தன. இயக்குநர் என்னும் இடைநிலை மனிதர் இங்கே இல்லை. பொதியைக் கையால் வைப்பவரும் கட்டளையைத் தட்டச்சுச் செய்பவரும் ஒருவரே. இன்று பென் டிரைவைச் செருகும் மாணவரின் மூதாதையை அந்நான்கு சாதனங்களின் முன்னே காணலாம்.

ஒட்டுவேலையிற் சில இடர்களும் இருந்தன. கோப்பின் பெயரை ஒரு மரத்திலும் உள்ளடக்கத்தை இன்னொரு மரத்திலும் வைத்து இணைப்பதை ஆக்கியோர் தடைசெய்தனர். பொதியைக் கழற்றும்போது அறுந்துபோகும் இணைப்புக்களைக் கணக்கெடுக்கும் சுமையைத் தவிர்ப்பதே அதன் நோக்கமாகும். இதனிலும் பெரிய இடர் வேகத்திற்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டிலிருந்து எழுந்தது. எழுதப்படுவன உடனடியாக வட்டைச் சென்றடைவதில்லை. சிறிது நேரம் நினைவகத்திலே தங்கியிருக்கும். 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் 30 செக்கனுக்கொரு தடவை அவற்றை வட்டுக்கு அனுப்பும் செய்நிரலொன்று ஓயாது இயங்கிக்கொண்டிருந்தது. அவ்விடைவெளியில் மின்சாரம் தடைப்பட்டாலோ, பொதி கழற்றப்பட்டாலோ, மரம் அரைகுறையாக நின்றுவிடும். பென் டிரைவை உரிய முறையிற் கழற்றாது பிடுங்கி, எழுதிய கட்டுரையை இழந்தவர்கள் அடைந்த துன்பத்தின் வேர் இதுவே. 1984ஆம் ஆண்டின் மக்கின்ரொஷ் கணினியில், நெகிழ்வட்டைக் கழற்றுவதற்கு அதன் படவுருவைக் குப்பைத் தொட்டிக்கு இழுத்துச் செல்லும்படி விதித்தனர். உள்ளதெல்லாம் அழிந்துவிடுமோ என அஞ்சித் தயங்கியோரைக் குறை கூறுவதற்கில்லை.

அரைகுறையாக நின்ற மரத்தைச் செப்பஞ் செய்வதற்கு முதலிற் சிறு சிறு செய்நிரல்கள் சில எழுந்தன. 1970களின் பிற்பகுதியிலே பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரெட் கொவால்ஸ்கி அவ்வேலைகளை ஒன்றிணைத்து 'எப்.எஸ்.சி.கே.' என்னும் செய்நிரலை ஆக்கினார். இச்செய்நிரலோடு திருத்த வேலையின் அடிப்படை விதியொன்று நிலைபெற்றது: பொருத்தப்பட்டு வழக்கில் உள்ள கோப்பு முறைமையைத் திருத்துதல் ஆகாது. ஏனைய வட்டுக்களைக் கழற்றிவிட்டுத் திருத்தலாம். ஆனால் வேரைத் தாங்கும் வட்டே பழுதுற்றால் என் செய்வது? வேரைக் கழற்றினால் திருத்தும் செய்நிரலுக்கே நிற்க இடமில்லை. வேறு வழியின்றி அதன்மீது நின்றுகொண்டே அதனைத் திருத்தினர். திருத்தம் முடிந்ததும், நினைவகத்திலுள்ளதை வட்டிற்கு எழுதாமல் உடனே மீளத் தொடக்குக என்ற எச்சரிக்கை பேரெழுத்துக்களில் திரையிலே தோன்றும். நினைவகத்தில் தங்கியிருந்த பழைய பிழையான படி, அப்போதுதான் திருத்தப்பட்ட வட்டின்மீது எழுதப்பட்டு உழைப்பனைத்தையும் பாழாக்கிவிடும் என்பதே அதன் காரணம். கணினி நூல்களில் மற்றெல்லா இடங்களிலும் எழுதிவிட்டு நிறுத்துக என்றே போதிக்கப்பட, இங்கு மட்டும் எழுதாது நிறுத்துக எனப் போதிக்கப்பட்டது.

நிற்பதற்கு வெளியே ஓரிடம் வேண்டும் என்ற தேவை இவ்வாறு உணரப்பட்டது. 1981ஆம் ஆண்டில் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினி இத்தேவையை ஒருவாறு நிறைவு செய்தது. அது முதலில் நெகிழ்வட்டிலே பணிசெயல் முறைமையைத் தேடும். அங்கில்லையெனின் மட்டுமே, வன்வட்டு உள்ள கணினிகளில், அதனை நாடும். இவ்வரிசையினால் வெளியிலிருந்து வருபவருக்கே முன்னுரிமை கிடைத்தது. எம்.எஸ்.-டொஸ் முறைமையில் ஒட்டுமரம் இல்லை. வட்டுக்கள் ஏ, பி, சி என எழுத்துக்களாற் பெயர்பெற்றுத் தனித்து நின்றன. எளிமை கருதிய இவ்வேற்பாடு விண்டோஸிலும் தொடர்ந்தது. ஆயினும் திருத்த வேலையின்போது அது குழப்பத்தை உண்டாக்குவதுண்டு. மீட்புச் சூழலில் எழுத்துக்கள் புதிதாகப் பங்கிடப்படுவதால், நேற்று சி எனப்பட்ட பகுதி இன்று டி எனத் தோன்றும். தவறான பகுதியிலே கட்டளையைச் செலுத்தியவர் உண்டு.

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், யுனிக்ஸின் ஒட்டுமரத்தைத் தனியாள் கணினிக்குக் கொணர்ந்தது. அதன் தொடக்க காலத்தில் இரண்டு நெகிழ்வட்டுக்கள் வேண்டியிருந்தன. முதலாவதிலிருந்து கருவை வாசித்த கணினி, வேருக்குரிய வட்டைச் செருகி விசையை அழுத்துமாறு திரையிலே கேட்கும். 1960களின் இயக்குநரிடம் கேட்கப்பட்ட அதே வேண்டுகோள் சாதாரண பயனரின் மேசைக்கு வந்துவிட்டது. பின்னர் 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் க்னொப்பர் இறுவட்டொன்றிலிருந்தே முழுமையாக இயங்கும் க்னொப்பிக்ஸை வெளியிட்டார். வன்வட்டைத் தொடாமலே கணினியைத் தொடக்கி, பழுதுற்ற வட்டை வெறும் பொருளாக ஆராய்வது அதனால் எவருக்கும் இயல்வதாயிற்று.

பென் டிரைவின் தோற்றத்திற்கு இரு மூலங்கள் உண்டு. ஒன்று, ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த புஜியோ மசுவோக்கா 1984ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய பிளாஷ் நினைவகம். மற்றையது, 1996ஆம் ஆண்டு யனவரியில் வெளியிடப்பட்ட யூ.எஸ்.பி. நியமம். இவற்றை இணைத்த பெருமை யாருக்குரியது என்பதில் வழக்குகளும் உரிமைக் கோரிக்கைகளும் எழுந்தன. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனம் 1999ஆம் ஆண்டிற் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. சிங்கப்பூரின் ட்ரெக் 2000 நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தனது சாதனத்தை விற்பனைக்கு விட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஐ.பி.எம். விற்ற எம்-சிஸ்டம்ஸ் சாதனத்தின் கொள்ளளவு 8 மெகாபைற் மாத்திரமே. அவ்வழக்கிலும் பார்க்க இங்கு முக்கியமானது, புதிய சாதனம் பழைய வேடம் பூண்டு வந்தது என்பதாகும். சுழலும் வட்டுக்களுக்கென 1980களில் வகுக்கப்பட்ட ஸ்கசி என்னும் மொழியிலேயே அது கணினியோடு உரையாடுகின்றது. லினக்ஸ் அதற்கு ஸ்கசி வட்டின் பெயரையே இடுவதும் அதனாலேயே. சுழலும் பாகம் ஒன்றேனும் இல்லாத ஒரு பொருள், அச்சிற் பொருத்தும் சக்கரத்திற்குரிய கட்டளையாற் பொருத்தப்படுகின்றது.

திருத்த வேலையில் இப்போது மரங்களின் உறவு தலைகீழாகின்றது. வழக்கமான நாட்களில் வன்வட்டே வேர். பென் டிரைவ் அதில் ஒட்டப்படும் கிளை. பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கும்போதோ அதுவே வேராகி, பழுதுற்ற வன்வட்டு அதன் கோப்புறையொன்றிற் கிளையாகப் பொருத்தப்படுகின்றது. அறிந்தவர்கள் முதலில் வாசிப்பதற்கு மட்டும் அனுமதித்துப் பொருத்துவர். தரவுகளைப் பிரதி செய்த பின்னரே கைவைப்பர். கருவோடு தொடர்புடைய கோப்புறைகளையும் அக்கிளையினுள் மீண்டும் பொருத்திவிட்டு, 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பிற் காணப்படும் 'சி.எச்.ரூட்' என்னும் ஏற்பாட்டின் வழியாகக் கிளையையே வேரெனக் கருதுமாறு செய்நிரல்களைப் பணித்தால், நோயுற்ற முறைமை தன் வீட்டிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு திருத்தங்களை ஏற்கும். தொடக்கியை மீள நிறுவுவது பெரும்பாலும் இவ்வாறுதான் நடைபெறுகின்றது. வெளியே நிற்க வேண்டும், ஆனால் உள்ளேயிருந்து செய்தல் வேண்டும் என்ற முரண்பாட்டை இவ்வளவு எளிமையாகத் தீர்த்த வேறோர் உத்தியைக் காண்பதரிது.

இனி உரிமை பற்றிய வினாவுக்கு வருதல் வேண்டும். யுனிக்ஸின் பாதுகாப்பைப் பற்றி எழுதிய கட்டுரையொன்றில் றிச்சியே இதன் அபாயத்தை ஒளிக்காது கூறினார். அக்கட்டுரை 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்புக் கைந்நூலிலும் சேர்க்கப்பட்டது. யுனிக்ஸில் சில கோப்புகள், இயக்குபவரின் அதிகாரத்தோடன்றித் தம் சொந்தக்காரரின் அதிகாரத்தோடு இயங்கும் குறியைத் தாங்கியிருக்கும். ஒருவர் தம் சொந்தக் கணினியிலே வட்டுப்பொதியொன்றை ஆயத்தஞ் செய்து, முழு அதிகாரம் பெற்ற பயனருக்குரியது போல ஒரு கோப்பை அதில் எழுதி, அப்பொதியைப் பொதுக் கணினியிற் பொருத்திவிட்டால், அந்தக் கோப்பின் வாயிலாகப் பொதுக் கணினி முழுவதும் அவர் வசமாகும். பொருத்தப்பட்ட வட்டிலுள்ளதை முறைமை கேள்வியின்றி நம்புகின்றது என்பதே இதன் சாரம். பொருத்தும் கட்டளையை அதிகாரமுடையோருக்கு மட்டும் வரையறுப்பதே இலகுவான பரிகாரம் என றிச்சி கருதினார். 1974ஆம் ஆண்டின் கட்டுரையிற் பயனர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்த கதவு இவ்வாறு மூடப்படலாயிற்று. இயக்குநரை அகற்றிய முறைமை, அவருடைய இடத்தில் 'ரூட்' என்னும் பயனரை அமர்த்தியது.

வீட்டுக்கொரு கணினி வந்த காலத்தில் இத்தடை தாங்க முடியாததாயிற்று. செருகியதும் திறக்க வேண்டும் என்றே மக்கள் எதிர்பார்த்தனர். 2003ஆம் ஆண்டின் பின்னர் லினக்ஸிலும் செருகப்பட்ட சாதனத்தைக் கண்டறிந்து பொருத்தும் வேலையைப் பின்னணிச் செய்நிரல்கள் ஏற்றன. றிச்சி சுட்டிய அபாயத்தை மறவாது, சொந்தக்காரரின் அதிகாரக் குறியைப் புறக்கணிக்கும் நிபந்தனையோடு பொருத்துவதை அவை வழக்கமாக்கின. விண்டோஸ் இவ்விடயத்தில் அசட்டையாயிருந்தது எனல் மிகையன்று. செருகிய சாதனத்திலுள்ள செய்நிரலைத் தானாகத் தொடக்கும் வசதியைப் பயன்படுத்தி, 2008ஆம் ஆண்டில் தோன்றிய கொன்பிக்கர் உள்ளிட்ட நச்சுநிரல்கள் பென் டிரைவ் வழியாகப் பரவின. அவ்வசதி 2009ஆம் ஆண்டின் விண்டோஸ் 7 பதிப்பிற் பென் டிரைவ்களுக்கு நீக்கப்பட்டது. பழைய பதிப்புக்களுக்கான நீக்கம் 2011ஆம் ஆண்டிலேயே வந்தது.

எதிர்த்திசையிலும் இதே இடர் உண்டு. பென் டிரைவிலிருந்து தொடங்கிய கணினியில் அதனைக் கொண்டுவந்தவரே முழு அதிகாரமுடையவர். அவர் பொருத்தும் வன்வட்டிலுள்ள கடவுச்சொற்களும் அனுமதிகளும் அவரைத் தடுக்கமாட்டா. உறங்குகின்ற காவலாளிகளுக்கு அவை ஒப்பானவை. மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித்தரும் நல்ல திருத்துநருக்கும், கைவிடப்பட்ட மடிக்கணினியிலிருந்து பிறருடைய கடிதங்களை எடுக்கும் கள்வருக்கும் கட்டளைகள் ஒன்றே. இதற்கு மாற்றாகவே வட்டு முழுவதையும் மறைகுறியாக்கும் முறைகள் பரவின. விண்டோஸ் விஸ்ராவோடு வந்த பிட்லொக்கர் அவற்றுளொன்று. திறவுகோல் இல்லாதவருக்கு வட்டைப் பொருத்தியும் பயனில்லை. பொருத்தும் உரிமை இவ்வாறு ரூட்டின் கையையும் விட்டு, திறவுகோலை வைத்திருப்பவரின் கைக்கு மாறியது. கள்வரோடு சேர்த்துத் திருத்துநரையும் அது வெளியே நிறுத்தியது.

அதன் விளைவு 2024ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி உலகறியப் புலப்பட்டது. கிரவுட்ஸ்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தனது மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான கோப்பொன்றினால், மைக்ரோசொப்ரின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. அக்கோப்பு 78 நிமிடங்களில் மீளப் பெறப்பட்டது. ஆனால் ஏற்கெனவே வீழ்ந்த கணினிகள் பலவற்றுக்கு அதனாற் பயனில்லை. வலையமைப்பை அடையுமுன்னரே அவை மீண்டும் மீண்டும் வீழ்ந்தன. பரிகாரமோ மிக எளியது: கோப்பொன்றை அழித்தால் போதும். அதற்கு வன்வட்டை வெளியிலிருந்து அணுக வேண்டியிருந்தது. மைக்ரோசொப்ற் நிறுவனம் பென் டிரைவில் எழுதிக்கொள்ளத்தக்க மீட்புச் செய்நிரலொன்றை வெளியிட்டது. தொழினுட்பவியலாளர்கள் அதனைக் கையிலேந்தி மேசை மேசையாகவும் மண்டபம் மண்டபமாகவும் சென்று, ஒவ்வொரு கணினியிலும் செருகி, தொடக்கி, கோப்பை அழித்து, கழற்றி, அடுத்ததற்கு நடந்தனர். 1960களின் நாடா மண்டபத்து இயக்குநர்களின் நடை அது. பிட்லொக்கராற் பூட்டப்பட்ட கணினிகளில் வட்டு திறப்பதற்கு முன் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைத் திரை கேட்டது. ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறான அத்திறவுகோலைப் பட்டியலிலே தேடியெடுத்து, இலக்கம் இலக்கமாக விசைப்பலகையில் அழுத்த வேண்டியிருந்தது.